தகடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

சித்திரை மாத இரவு ஒன்பது மணிக்கு, மேற்குப் பார்த்த மாடி அறையின் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். பொழுது சாய்ந்து இரண்டரை மணி நேரம் ஆகியும் சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலைச் செங்கல் இப்போதுதான் அறைக்குள் இறக்குகிறது. அந்த வெக்கையோடு ஏசி விடிய விடிய மல்லுக்கட்ட, கரண்ட் பில் ஏறுகிறது.

இதைத் தடுக்க வந்தவைதான் வெப்பக்காப்புப் பேனல்கள். குளிர்பதனக் கிடங்குகளுக்குப் பழக்கமான இவற்றைக் கொண்டு இப்போது மொட்டை மாடி அறைகளும் கட்டுகிறார்கள். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு இரும்புத் தகடுகள், நடுவே நுரை, அவ்வளவுதான் பேனல். 'பஃப்' எனப்படும் பாலியூரித்தேன் நுரையின் வெட்டுமுகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், பொடிப்பொடியான மூடிய அறைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் வாயு அடைபட்டுக் கிடக்கிறது. அது நகர வழியில்லாததால் வெப்பமும் எளிதில் கடப்பதில்லை.

உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியாகச் சுமார் 2 வாட் வெப்பம் கடக்கும். வெறும் 50 மில்லிமீட்டர் பஃப் பேனலில் அது அரை வாட்டுக்கும் குறைவு.

நடுப்பொருளில் மூன்று வகை பரவலாகக் கிடைக்கிறது. தெர்மோகோல் விலை குறைவு. ஆனால் 100 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். பஃப் வெப்பத்தை மிக நன்றாகத் தடுக்கும்; தீப்பிடித்தால் நச்சுப் புகை கக்கும். பாறையை உருக்கி இழையாக்கிய ராக்வூல் எரியாது; ஆனால் கனம் அதிகம், ஈரம் புகுந்தால் காப்புத் திறன் குறையும். அடுப்படியை ஒட்டிய சுவருக்கு ராக்வூலே என் தேர்வு. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில் தீ பரவி 72 பேர் மாண்டார்கள். வெளிச்சுவரைப் போர்த்தியிருந்த அலுமினியப் பலகைகளின் நடுவே இருந்த பாலிஎத்திலீன்தான் தீ பரவ முக்கியக் காரணம். அது வேறு வகைப் பலகைதான். ஆனாலும் தகட்டுக்கு நடுவே இருப்பதைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்ற பாடம் எல்லாப் பேனலுக்கும் பொருந்தும்.

அடுத்தது இணைப்பு. ஒரு பேனலின் நாக்கு மறு பேனலின் காடிக்குள் இறுக உட்கார வேண்டும். அங்கே இடுக்கு விட்டால் வெக்கையும் மழைத் தண்ணீரும் அதன் வழியே வரும்.

இன்னொன்று: பேனல் உள்ளே வரும் சூட்டைத் தடுப்பதுபோல் உள்ளிருக்கும் சூட்டையும் வெளியே விடாது. ஏசி இல்லாத அறையென்றால் எதிரெதிர் ஜன்னல்கள் கட்டாயம் வேண்டும். அதோடு, நம் ஊர் வெயில் முதலில் இறங்குவது கூரையில். அதை விட்டுவிட்டுச் சுவருக்கு மட்டும் செலவழிப்பதில் பயனில்லை. கூரை வழியே கடக்கும் வெப்பம் டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது இந்திய அரசின் 2018 'எகோ நிவாஸ் சம்ஹிதா' விதி.

கடைக்குப் போனால் வர்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வெட்டிய துண்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். நடுப்பொருள் என்ன, அடர்த்தி எவ்வளவு, தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். பஃப் என்றால் கனமீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி வழக்கம். மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.