பிச்சாவரம்: நீருக்கு வழி திறந்த காடு

கொள்ளிடமும் வெள்ளாறும் கடலில் கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையே, சிதம்பரத்திற்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு, 2022 ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக, அதாவது ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971 இல் உருவான உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,479 ஹெக்டேர் பரப்புக்குக் கிடைத்த அந்தத் தகுதிக்குப் பின்னால், நலிந்துகொண்டிருந்த ஒரு காட்டின் நோயைச் சரியாகக் கண்டறிந்து அதை மீட்டெடுத்த நீண்ட உழைப்பு இருக்கிறது.

உப்புநீரும் நன்னீரும் கலக்கும் சேற்றில், நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் ஓதத்திற்கு இசைந்து வளரும் மரங்களின் தொகுதியே அலையாத்திக் காடு எனப்படுகிறது. சேற்றுக்குள் காற்று புகாததால் வெண்கண்டல் தன் மூச்சுவேர்களை மண்ணுக்கு மேலே நிமிர்த்தி நிறுத்துகிறது. சுரபுன்னையோ கிளையிலேயே விதை முளைத்து நீண்ட பிறகுதான் அதை நீரில் உதிர்க்கிறது. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்து, நடராசர் கோயிலின் தலமரமாகவும் போற்றப்படும் தில்லை மரம் இந்த இனக்கூட்டத்தைச் சேர்ந்ததே. நகரத்தில் அருகிவிட்ட அம்மரத்தை இன்று பிச்சாவரத்தில்தான் இயல்பாகக் காண முடிகிறது.

இக்காடு தேய்ந்ததற்குக் கால்நடை மேய்ச்சலும் ஊர்மக்கள் விறகு வெட்டுவதுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1988 இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1990களில் இங்கு ஆராய்ந்தபோது, முதன்மைக் காரணம் வேறிடத்தில் இருப்பது தெரியவந்தது. ஆங்கிலேயர் காலத்தில் புகுத்தப்பட்டு, நாடு விடுதலை பெற்ற பின்னும் 1970களின் தொடக்கம் வரை நீடித்த கூப்பு முறையில், காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை முழுமையாக வெட்டி எடுத்து, இருபது முப்பது ஆண்டுகளில் அது தானே தழைத்துவிடும் என்று விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. நிழல் இழந்த சேறு வெயிலில் காய்ந்து, ஈரம் ஆவியாகி, நிலம் நடுவில் தொட்டிபோல் தாழ்ந்துபோனது. அங்கே புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியதால் உப்பு மிகுந்து, எந்த விதையும் முளைக்க முடியாத களர் உருவாயிற்று. எளிய மக்கள்மீது சுமத்தப்பட்ட பழியை இந்த ஆய்வு இறக்கிவைத்ததை, காடு மீண்டதற்கு இணையான நன்மையாகவே கருத வேண்டும்.

நோய் நீரோட்டத்தில் இருந்ததால் மருந்தும் அங்கேயே தேடப்பட்டது. இயற்கையான கழியிலிருந்து ஒரு முதன்மை வாய்க்காலை வெட்டி, அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களைப் பிரித்து, மீனின் நடுமுள்ளையும் பக்கமுள்களையும் போன்ற அமைப்பை உருவாக்கியபோது, தேங்கிக் கிடந்த இடத்திலும் ஓதநீர் வந்துபோகத் தொடங்கி, மண்ணின் உப்பு தணிந்தது. வாய்க்கால் கரைச்சரிவில் நீர் தொட்டுச் செல்லும் உயரத்தில் வெண்கண்டல் கன்றுகள் நடப்பட்டன. வனத்துறையும் ஊர் மக்களும் இப்பணியில் கைகோத்தனர். கழியில் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர் குடும்பங்களுக்கு இந்தக் காடே வாழ்வாதாரம் என்பதால், அவர்களின் பங்கு பெரிது. 1986 முதல் 2002 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதைக் காட்டியது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கியபோது, அலையாத்திக் காட்டிற்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் இழப்பு குறைவாக இருந்தது என்று, பரங்கிப்பேட்டையில் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005 இல் எழுதினர். ஊரின் உயரமும் கடலிலிருந்து அது இருந்த தொலைவுமே பெரிதும் காப்பாற்றின என்று வேறு சிலர் அடுத்த ஆண்டே மறுத்தனர். காடு அலையின் விசையைத் தணிக்கும் என்பது பொதுவாக ஏற்கத்தக்கதே ஆயினும், மேட்டு நிலத்திற்கும் முன்னெச்சரிக்கைக்கும் அது மாற்றாகிவிடாது.

இன்று கவலை தருவது நன்னீர் வரத்து. கொள்ளிடத்தின் குறுக்கே 1836 இல் கட்டப்பட்ட கீழணை நீரைப் பாசனத்திற்கும் வீராணம் ஏரிக்கும் திருப்புகிறது; 2004 முதல் வீராணத்து நீர் சென்னையின் குடிநீராகவும் செல்கிறது. வயலுக்கும் நகரத்திற்கும் நீர் தேவையே எனினும், வடகிழக்குப் பருவமழைக் காலம் தவிர்ந்த மாதங்களில் பிச்சாவரத்துக் கழிகளுக்கு ஆற்று நீர் மிகக் குறைவாகவே வருவதால், உப்பைத் தாங்கும் வெண்கண்டல் பெருக, உப்பைத் தாங்க இயலாத மற்ற மரங்கள் ஒதுங்கிவிடுகின்றன. வெட்டிய வாய்க்கால்களோ வண்டல் படிந்து மெல்ல மெல்லத் தூர்ந்துவிடும் இயல்புடையவை; அவற்றைக் காலந்தோறும் தூர்வாரினால்தான் உட்பகுதிக் கன்றுகளுக்கு ஓதநீர் தொடர்ந்து எட்டும்.