இழுப்பதற்கென்றே ஒரு விமானம்

கிளைடருக்கு என்ஜின் கிடையாது. வெயிலில் சூடேறி எழும் காற்றைப் பிடித்துவிட்டால் மணிக்கணக்கில் மிதக்கும். ஆனால் அந்தக் காற்று கிடைக்கும் உயரத்துக்கு அதை யாராவது கொண்டுபோய் விட்டாக வேண்டும். சில மைதானங்களில் தரையில் நிற்கும் வின்ச் நீளமான கம்பியை வேகமாகச் சுற்றிக் கிளைடரை மேலே ஏற்றிவிடுகிறது. மற்ற இடங்களில் சிறு விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்துப் போகிறது. கயிற்றின் நீளம் 40 முதல் 60 மீட்டர். 600 மீட்டர் உயரம் வந்ததும் கிளைடர் பைலட் கொக்கியை விடுவிப்பார். இழுத்துவந்தவர் எதிர்ப்பக்கம் திரும்பி இறங்கி, ஓடுதளத்தில் காத்திருக்கும் அடுத்த கிளைடருக்கு முன்னால் வந்து நிற்பார். 1927இல் ஜெர்மனியில் தொடங்கிய இந்த முறை அடிப்படையில் இன்றும் மாறவில்லை.

இந்த வேலைக்கு எப்படிப்பட்ட விமானம் வேண்டும்? வேகம் தேவையில்லை, நெடுந்தூரம் பறக்கத் தேவையில்லை, பயணிகளுக்கு இருக்கையும் தேவையில்லை. மணிக்கு 110 கிலோமீட்டர் அளவிலான குறைந்த வேகத்தில், முழு விசையோடு, விடாமல் ஏற வேண்டும். பிறகு விரைவாக இறங்க வேண்டும். நாள் முழுக்க இதையே செய்ய வேண்டும். பெரும்பாலான சிறு விமானங்களுக்கு இப்படிப்பட்ட உழைப்பு கிடையாது. இருந்தும், இதற்கென்றே வரைந்து கட்டப்பட்ட விமானங்கள் மிகக் குறைவு. கிளப்கள் பெரும்பாலும் வேறு வேலைக்குப் பிறந்த விமானங்களை வாங்கி, வாலில் ஒரு கொக்கி மாட்டிக்கொண்டன.

அவற்றில் புகழ்பெற்றது பைப்பர் பானி. அமெரிக்கப் பொறியாளர் ஃப்ரெட் வைக் வயல்களுக்கு மருந்து தெளிப்பதற்காக வடிவமைத்தது. தாழ்வாகப் பறந்த மருந்து விமானங்கள் மின்கம்பியிலும் மரத்திலும் மோதிப் பைலட்டுகள் இறந்துகொண்டிருந்த காலம். வைக் பைலட்டின் இருக்கையை உயர்த்திப் பின்னுக்குத் தள்ளினார். என்ஜினையும் மருந்துத் தொட்டியையும் அவருக்கு முன்னால் வைத்தார். மோதினால் முன்பக்கம் நசுங்கி அடியைத் தாங்கிக்கொள்ளும், மனிதர் பிழைப்பார். 1959இல் உற்பத்திக்கு வந்து 1981 வரை ஏறக்குறைய 5,000 பானிகள் கட்டப்பட்டன. சுமார் 570 லிட்டர் மருந்தைச் சுமந்து குட்டையான மண் தளத்திலிருந்து எழும்பும் விமானம், தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு கிளைடரை இழுப்பதில் வியப்பில்லை. போலந்தின் வில்கா இந்த வழக்கத்துக்கு விதிவிலக்கு. 1962இல் முதன்முதலாகப் பறந்த அந்த நெட்டைக்கால் விமானத்தைத் தொடக்கத்திலேயே பறக்கும் கிளப்களுக்காக வரைந்தார்கள். கிளைடர் இழுப்பது, பாராசூட் வீரர்களை ஏற்றிச் செல்வது இரண்டும் அதன் பிறவிக் கடமைகள்.

இழுப்பதற்காகவே ஓர் அசுரனைப் படைத்த கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி 55 மீட்டர் இறக்கை விரிவுள்ள மெஸ்ஸர்ஷ்மிட் 321 என்ற சரக்குக் கிளைடரைக் கட்டியது. அதை இழுக்க மூன்று விமானங்களை ஒன்றாகப் பூட்டிப் பார்த்தார்கள்; அது உயிரைப் பணயம் வைக்கும் வேலையாக இருந்தது. கடைசியில் இரண்டு ஹைங்கல் 111 குண்டுவீச்சு விமானங்களை இறக்கையோடு இறக்கை சேர்த்து ஒட்டி, நடுவில் ஐந்தாவது என்ஜினையும் பொருத்தினார்கள். பாரம் கூடினால் என்ஜினைக் கூட்டு என்பது அன்றைய வழி. கிளப்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தன.

ஒரு தோராயக் கணக்கு போட்டால் அது ஏன் தவறு என்பது விளங்கும். இரண்டு பேர் அமரும் ஏ.எஸ்.கே. 21 பயிற்சிக் கிளைடரின் உச்ச எடை 600 கிலோ. அது காற்றை அவ்வளவு அழகாக வழுக்கிச் செல்வதால், 110 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மீதான காற்றுத் தடை 20 கிலோ விசைதான். அதைச் சமாளிக்க எட்டுக் குதிரைத்திறன் போதும். நொடிக்கு 3 மீட்டர் வீதம் அதை உயர்த்த இன்னொரு 24. ஆக, கிளைடருக்காகச் செலவாவது 32 குதிரைத்திறன். பைலட்டும் எரிபொருளும் சேர்ந்து 800 கிலோ எடையுள்ள பானிக்கோ தன்னையே உயர்த்திக்கொள்ள 32, தன் உடம்பின் காற்றுத் தடைக்கு 40 குதிரைத்திறன் தேவை. மெதுவான வேகத்தில் புரொப்பெல்லர் என்ஜின் விசையில் கிட்டத்தட்ட பாதியை வீணாக்கும் என்பதையும் சேர்த்தால், 235 குதிரைத்திறன் என்ஜினின் பெரும்பகுதி விமானம் தன்னைத்தானே தூக்கிக்கொள்வதற்குப் போய்விடுகிறது.

நல்ல இழுவை விமானத்தை வரைபவர் முதலில் தேட வேண்டியது பெரிய என்ஜினை அல்ல, சிறிய எடையை. இந்த வழியில் துணிந்து போனவை ரோடாக்ஸ் 912 என்ஜின் பொருத்திய இலகு விமானங்கள். சுலோவாக்கியாவின் யூரோஃபாக்ஸ் அவற்றில் ஒன்று. உருக்குக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, அதன்மேல் போர்த்திய துணி, மடக்கி வைக்கக்கூடிய இறக்கை. பைலட்டோடு சேர்த்து 420 கிலோ அளவில் நிற்கும். மேற்சொன்ன கணக்கை இதற்குப் போட்டால் 100 குதிரைத்திறன் என்ஜினே அந்தக் கிளைடரை, சற்று மெதுவாக என்றாலும், ஏற்றிவிடும். பிரிட்டனில் சில கிளைடர் கிளப்களின் உறுப்பினர்கள் இதன் பாகங்களைப் பெட்டியாக வாங்கித் தங்கள் கையாலேயே பூட்டி முடித்திருக்கிறார்கள்.

இங்கே என்ஜினின் குணமும் சேர்ந்து உதவுகிறது. பானியின் லைக்கமிங் என்ஜின் நேரடியாகப் புரொப்பெல்லரைச் சுழற்றுவது. ரோடாக்ஸ் நிமிடத்துக்கு 5,800 சுற்று சுழன்று, பற்சக்கரப் பெட்டி வழியாகப் புரொப்பெல்லரை 2,400க்குக் கீழே ஓட்டுகிறது. மெதுவாகச் சுழலும் அகலமான புரொப்பெல்லர் குறைந்த வேகத்தில் நன்றாக இழுக்கும், சத்தமும் குறையும். மைதானத்தைச் சுற்றி வீடுகள் பெருகிவிட்ட ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் சத்தம் சின்ன விஷயமல்ல. அங்கே பழைய இழுவை விமானங்களுக்கு நான்கு அலகுப் புரொப்பெல்லரும் சைலன்சரும் மாட்டியதே அதற்காகத்தான். ரோடாக்ஸின் முழு விசையை ஒரே மூச்சில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. நொடிக்கு 3 மீட்டர் ஏறினால் 600 மீட்டருக்கு 3 நிமிடம் 20 விநாடிதான்.

இறக்கத்தில் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. முழு விசையில் மெதுவாக ஏறும்போது காற்று குறைவாகவே உள்ளே வரும். காற்றால் குளிரும் சிலிண்டர்கள் கொதித்திருக்கும். கயிறு விடுபட்டதும் பைலட் விசையை அடியோடு குறைத்து மூக்கைக் கவிழ்த்தால், சுட்ட தோசைக்கல்லில் தண்ணீரைக் கொட்டியது போலத்தான். உலோகம் சுருங்கி, நாளடைவில் சிலிண்டர் தலையில் விரிசல் விழும். அதனால் பானி பைலட்டுகள் விசையைப் படிப்படியாகக் குறைத்தே இறங்குவார்கள். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் அதில் போகும். ரோடாக்ஸின் சிலிண்டர் தலைகளை நீர் குளிர்விக்கிறது. வெப்பம் அவ்வளவு திடீரென மாறுவதில்லை, விமானமும் சீக்கிரம் வரிசைக்குத் திரும்புகிறது.

இதெல்லாம் செலவுக் கணக்கு. உயிர்க் கணக்கு வாலில் இருக்கிறது.

கொக்கி இருப்பது விமானத்தின் கடைசி முனையில். பின்னால் வரும் கிளைடரின் மூடி சரியாகப் பூட்டாமல் திறந்துகொண்டது, அதன் பைலட் ஒரு கணம் அதைக் கவனித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைடர் பட்டம்போல் மேலே எகிறும். கயிறு வாலை மேல்நோக்கி இழுக்கும். நீளமான நெம்புகோலின் முனையைப் பிடித்து இழுப்பதால் விமானத்தின் மூக்கு தரையைப் பார்க்கத் திரும்பிவிடும். கட்டுப்பாட்டுக் கோலை முழுவதும் பின்னால் இழுத்தாலும் வால் கீழே வராது. சில விநாடிகளில் எல்லாம் நடந்துவிடுகிறது. தாழ்வான உயரத்தில் நடந்தால் மீள இடமே இல்லை. இழுத்துப்போன பைலட்டுகள் பலர் இப்படித்தான் இறந்திருக்கிறார்கள், தாங்கள் செய்யாத பிழைக்காக. இன்னும் கொடுமை, சில பழைய வகைக் கொக்கிகள் கயிறு மேல்நோக்கி இறுகியிருக்கும்போது சிக்கிக்கொண்டு விடுபட மறுத்தன. கொக்கியை மேல்நோக்கிய விசையில் இழுத்துச் சோதித்துப் பார்க்காத வடிவமைப்பை முழுமையானது என்று ஒப்புக்கொள்ளவே கூடாது. விடுவிக்கும் பிடி, விசைப்பிடியில் இருக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குனிந்து தேடும் இடத்தில் வைத்தால் தேடி முடிப்பதற்குள் காலம் கடந்துவிடும். கிளைடரைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும்.

கயிற்றிலும் ஒரு காவல் உண்டு. ஜெர்மனியின் டோஸ்ட் நிறுவனம் செய்யும் சிறு உருக்குத் தகடு ஒன்றைக் கயிற்றுக்கும் வளையத்துக்கும் இடையே கோர்க்கிறார்கள். நடுவில் துளையிட்டு மெலிந்திருக்கும் அந்தத் தகடு குறித்த விசைக்கு மேல் போனால் அறுந்துவிடும். நிறத்தைப் பார்த்தே வலுவைச் சொல்லலாம்: கறுப்பு சுமார் 1,000 கிலோ விசை தாங்கும், வெள்ளை 500, பச்சை 300. அமெரிக்க விதிப்படி, இழுவைக் கயிறு கிளைடரின் உச்ச எடையில் 80 சதவீதத்துக்குக் குறையாமலும் இரு மடங்குக்கு மிகாமலும் வலு கொண்டதாக இருக்க வேண்டும். பிரிட்டனில் சில பானிகளின் உடலுக்குள்ளேயே சிறு வின்ச் ஒன்று கயிற்றைச் சுருட்டிக்கொள்ளும்; அவசரத்தில் கயிற்றை வெட்டக் கத்தியும் அதிலேயே இருக்கும். கயிறு தொங்காததால் வேலி, மரம் பற்றிய கவலையின்றி இறங்கலாம்.

அடுத்த கேள்வி மின்சாரம். குறுகிய நேரத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் இந்த வேலைக்கு மின்மோட்டார் பொருந்தும் என்ற நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சான்று பெற்ற முதல் மின் விமானமான பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலக்ட்ரோவின் மோட்டார் 57.6 கிலோவாட், அது பயிற்சிக்கான விமானம். யூரோஃபாக்ஸின் என்ஜினுக்கு நிகரான 75 கிலோவாட் மோட்டாரோடு கிளைடரை 600 மீட்டர் ஏற்றினால் ஒரு முறைக்குச் செலவாவது 4 யூனிட்டுக்குச் சற்று அதிகம். அதற்கு ஏறக்குறைய 25 கிலோ பேட்டரி போதும். ஐந்து முறைக்கும் அவசரக் கையிருப்புக்கும் சேர்த்துச் சுமந்தால் 150 கிலோவுக்கு மேல் போகும், இலகு விமானத்தின் அனுகூலம் அங்கேயே பாதி கரைந்துவிடும். சிறிய பேட்டரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பத்து நிமிடத்தில் மின்னேற்றுவது இன்னொரு வழி. அதற்குத் தரையில் 25 கிலோவாட்டுக்கு மேல் தரும் இணைப்பு வேண்டும். ஊருக்கு வெளியே புல்தரை மைதானத்தின் கொட்டகைக்கு அப்படியொரு இணைப்பைக் கொண்டுவரும் செலவையும் விமானத்தின் விலையோடு சேர்த்தே கிளப்கள் கணக்குப் போட வேண்டியிருக்கும்.