ஸ்கூட்டர் பேட்டரிக்குள் ஒரு சல்லடைச் சவ்வு

மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடும், எவ்வளவு நேரத்தில் சார்ஜ் ஏறும் என்று விசாரிக்கிறார்கள். சித்திரை வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும் மதுரையில் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: உள்ளே இருக்கும் செப்பரேட்டர் எப்படிப்பட்டது?

லித்தியம் அயனி செல்லில் நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் ஒட்டி ஒட்டி இருக்கும். தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். விலக்கி வைத்தால் மின்தடை கூடிவிடும். அதனால் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்றை வைக்கிறார்கள். அதுதான் செப்பரேட்டர். தடிமன் சுமார் 20 மைக்ரான். அதில் ஏறக்குறைய 40 விழுக்காடு வெறும் துளை. ஒவ்வொரு துளையும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது. துளைகளில் ஊறி நிற்கும் மின்பகுளித் திரவம் வழியாகத்தான் லித்தியம் அயனிகள் கடக்கின்றன. எலெக்ட்ரான்களுக்கு அங்கே வழி கிடையாது. அவை வெளிக்கம்பி வழியே சுற்றிப் போவதால்தான் வண்டி ஓடுகிறது.

துளைகள் வளைந்து நெளிந்து இருப்பதே நல்லது. அளவுக்கு மீறிய வேகத்தில் சார்ஜ் ஏற்றினால் எதிர்மின்வாயில் லித்தியம் ஊசி ஊசியாக முளைக்கும். அந்த ஊசி மறுபுற மின்வாயைத் தொட்டு ஷார்ட் ஆக்க, நேரான துளை ராஜபாட்டை.

இந்தச் சவ்வின் அருமை ஆபத்தில் தெரியும். செல் சூடேறி 130 டிகிரியைத் தாண்டினால் பாலிஎத்திலீன் உருகித் துளைகளை அடைத்துவிடும். அயனி ஓட்டம் நிற்கும். சூடு மேலும் ஏறினால் சவ்வே சுருங்கிவிடுமே? அதற்காகத்தான் 165 டிகிரி வாக்கில் உருகும் பாலிபுரோப்பிலீனை இருபுறமும் வைத்து மூன்றடுக்காகச் செய்கிறார்கள். அலுமினாப் பூச்சும் பூசுகிறார்கள். நம் ஊர் வெயில் மட்டும் இந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகாது. ஆனால் உள்ளே கோளாறு தொடங்கிவிட்டால், 40 டிகிரிக் காற்றில் செல் ஆறுவது கடினம். விலையைக் குறைக்கச் சவ்வில் கைவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தச் சவ்வை மேம்படுத்தும் ஆராய்ச்சி மதுரைக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றுவட்டாரத்தில் 'சிக்ரி' என்பார்கள். அந்நிலைய ஆராய்ச்சியாளர் மானுவேல் ஸ்டீபன், கூழ்நிலைப் பாலிமர் மின்பகுளிகள் பற்றி 2006-இல் விரிவான ஆய்வுத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். இந்த வகையில் பாலிமரே திரவத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்; தடுப்பும் வழியும் ஒன்றாகிவிடும்; ஒழுகும் பயம் குறையும். ஆனால் திரவத்தில் நகர்வதைவிடக் கூழில் அயனி மெதுவாகவே நகரும். அதைச் சரிக்கட்டத்தான் பாலிமரில் பீங்கான் நுண்துகள்களைக் கலந்து பார்க்கிறார்கள்.