சைக்கிளுக்குத் தனிச் சட்டையா?

விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதிக்கக் கிளம்புகிறீர்களா? சபாஷ்! ஆனால், வீட்டில் போடுகிற பருத்தி டி-ஷர்ட்டோடவா?

'பருத்திதானே உடம்புக்கு நல்லது' என்பீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது சரி. சைக்கிளிலோ, கொட்டுகிற வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும். ஈரத்துணி உரசி உரசி அக்குளில் எரிச்சல். அப்புறம் படை, அரிப்பு! சைக்கிள் ஜெர்ஸி பெரும்பாலும் பாலியஸ்டர். வியர்வையை வெளிப்பக்கம் இழுத்துச் சீக்கிரம் காயவிடும். சென்னை வெயிலுக்கு மெல்லிசான துணி, வெளிர் நிறம், முழு நீள ஜிப் போதும்.

ஊட்டி, கோத்தகிரி போகிறவர்கள்தான் உஷாரா இருக்கணும். மேட்டில் ஏறும்போது வேர்த்து விறுவிறுத்துவிடும். இறங்கும்போது அந்த ஈரத்தின் மேல் குளிர்காற்று மோதினால் உடம்பு வெடவெடக்கும். விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. வளைவில் அது விளையாட்டில்லை! காற்று புகாத, கையில்லாத மேல்சட்டை ஒன்றை மடித்து, ஜெர்ஸியின் முதுகுப் பக்கப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால டூர் டி பிரான்ஸ் வீரர்கள் மலையிறக்கத்தில் நெஞ்சுக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொண்டார்கள், தெரியுமோ?

கடையில் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று அளவு பார்க்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் குனியுங்கள். முதுகுப் பக்கம் மேலே ஏறாமல் இடுப்பை மூடுகிறதா? அதுதான் உங்கள் சைஸ். தொப்பை தெரியுதேன்னு பெரிசா எடுத்தால் காற்றில் படபடக்கும்.

துவைக்கும்போது (நீங்களே துவைச்சா என்ன குறைச்சல்?) துணியை மிருதுவாக்கும் திரவத்தில் மட்டும் முக்காதீங்க. அது இழைகளில் படிந்து, வியர்வையை இழுக்கிற குணத்தையே கெடுத்துவிடும்.