பட்டியல் போதாது, மேசைக்கு வாருங்கள்

பிரெஞ்சுப் பாடநூலில் உணவு அத்தியாயம் என்றால் படங்களோடு ஒரு பட்டியல் இருக்கும்: குரோசான், கிரெப், காமம்பேர் சீஸ். மாணவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்வார்கள். ஒருவர் சர்வராகவும் இன்னொருவர் வாடிக்கையாளராகவும் பேசிக் காட்டுவார்கள். தேர்வுக்கு அது போதும். ஒரு பிரெஞ்சு வீட்டில் விருந்துக்கு உட்காரப் போதாது.

2010-ல் பிரெஞ்சுக்காரர்கள் விருந்துண்ணும் முறையையே யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பசியைத் தூண்டும் பானம், முதல் உணவு, காய்கறியோடு மீனோ இறைச்சியோ, சீஸ், இனிப்பு என்று ஒவ்வொன்றாக வரும் வரிசை அது. ரொட்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் மேசை விரிப்பின் மேலேயே வைப்பார்கள். கைகளை மடியில் வைக்காமல் மேசைமேல் தெரிய வைப்பதே மரியாதை.

இலையில் இனிப்பை முதலில் ருசிக்கும் நமக்கு, இனிப்பு கடைசியில் வரும் இந்த வரிசை விநோதமாகத் தெரியும். ஆசிரியருக்கு அங்கேதான் வேலை. அடுத்தவர் வழக்கத்தை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. நம் வழக்கமே இயல்பானது என்ற நம்பிக்கையையும் சற்றுத் தள்ளிவைக்க வேண்டும். மொழிக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் பைரம் 1997-ல் எழுதிய நூலின் அடிப்படைக் கருத்து இது. ‘அவர்கள் ஏன் இப்படி?’ என்று கேட்கும் மாணவர், நம் பந்தி ஒழுங்கைப் பிரெஞ்சில் விளக்கிப் பார்க்கட்டும். சொல்வளமும் கூடும்.

விருந்து மேசையோடு பிரான்ஸ் முடிந்துவிடுவதில்லை. பள்ளி உணவுக்கூடத்தில் வேறொரு பிரான்ஸ் இருக்கிறது. சாலோன்-சுர்-சோன் நகரில், பன்றி இறைச்சி உண்ணாத பிள்ளைகளுக்கான மாற்று உணவை 2015-ல் மேயர் நிறுத்தினார்; மதச்சார்பின்மையைக் காரணம் காட்டினார். வழக்கு உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போனது. மாற்று உணவு தரவேண்டிய கட்டாயம் இல்லை, தருவதை மதச்சார்பின்மை தடுக்கவும் இல்லை என்று 2020-ல் தீர்ப்பு வந்தது.

மேசைக்கு வரும் உணவும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. வட ஆப்பிரிக்க உணவான கூஸ்கூஸ் இன்று பிரெஞ்சு வீடுகளில் சகஜம். பாகெட் என்ற நீள ரொட்டியைச் செய்யும் கைத்திறனை 2022-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. மறு ஆண்டே பாரிஸின் சிறந்த பாகெட் போட்டியில் வென்றவர் இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராசா. ஓராண்டுக்கு அதிபர் மாளிகைக்கு ரொட்டி தரும் வாய்ப்பு அந்தப் பரிசோடு சேர்ந்தது.

ஆகவே, ‘பிரெஞ்சு உணவு எது?’ என்ற கேள்விக்கு ஒரே விடை எழுதும் மாணவர் பாதிப் பாடத்தைத்தான் படித்திருக்கிறார். பள்ளி மெனு ஒன்றைக் கையில் கொடுத்து, இந்த மேசையில் யாரெல்லாம் உட்காரலாம், யாரால் முடியாது என்று பிரெஞ்சில் விவாதிக்க வைத்தால் மீதிப் பாதியும் வந்துவிடும்.