வினைச்சொல்லின் கொக்கிகள்

மதியம் ஒரு மணிக்கு வயிறு காயும்போது புதுச்சேரியில் அதை மூன்று விதமாகச் சொல்லலாம். தமிழில் 'பசிக்குது'. ஒரே சொல், அதுவும் வினைச்சொல். யாருக்கு என்று கேட்டால் 'எனக்கு' என்று முன்னால் சேர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஹங்ரி'. இங்கே பசி வினையும் அல்ல, பெயரும் அல்ல. 'நல்ல', 'பெரிய' போன்ற பெயரடை. பிரெஞ்சில் 'ழே ஃபேங்'. அங்கே பசி பெயர்ச்சொல். சட்டைப் பையில் காசு வைத்திருப்பதுபோல பிரெஞ்சுக்காரர் பசியை வைத்திருக்கிறார். வயிறு ஒன்றுதான். அதன் காந்தலை ஒரு மொழி வினையிடமும், இன்னொன்று பெயரடையிடமும், மற்றொன்று பெயரிடமும் ஒப்படைத்திருக்கிறது.

மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளில் சிலர் பள்ளியில் பிரெஞ்சும் படிக்கிறார்கள். அவர்கள் நோட்டைத் திருத்தும்போது ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. சொல்லின் பொருள் தெரியாமல் அவர்கள் தவறு செய்வதில்லை. அந்தச் சொல் யாரோடு சேரும் என்று தெரியாமல்தான் தவறு வருகிறது.

லூசியான் தெனியேர் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் இதை விளக்க ஒரு படம் கொடுத்தார். வினைச்சொல் என்பது கொக்கிகள் உள்ள ஓர் அணுவைப் போன்றது என்றார். 'தூங்கு' என்பதற்கு ஒரு கொக்கி: தூங்குபவர். 'கொடு' என்பதற்கு மூன்று: கொடுப்பவர், பெறுபவர், பொருள். வேதியியலில் அணுக்களின் இணைதிறனைக் குறிக்கும் 'வேலன்ஸ்' என்ற சொல்லையே இதற்கு எடுத்துக்கொண்டார். அவர் 1954-இல் இறந்தபின், 1959-இல்தான் இதைச் சொல்லும் அவரது நூல் வெளிவந்தது. தமிழில் கொக்கி மாட்டும் இடம் பெயரின் நுனியில் ஐ, கு என்று வெளிப்படையாகத் தெரியும். அதனால் சொற்களை முன்பின் மாற்றினாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் அந்த உருபுகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. எந்த இடத்தில் நிற்கிறது, பக்கத்தில் 'டு' இருக்கிறதா இல்லையா என்பவையே அங்கே அடையாளம்.

முதலில் பெயரடையைப் பார்ப்போம். 'பிரியாணி நல்லா மணக்குது' என்பதை ஒரு பிள்ளை 'தி பிரியாணி ஸ்மெல்ஸ் நைஸ்லி' என்று எழுதினாள். 'நைஸ்' என்றுதான் வரவேண்டும் என்றதும் முகம் சுருங்கியது. "மணக்குதுங்கறது வினை, 'நல்லா' வினைக்கு முன்னாடிதானே வருது, அப்ப 'லி' போடணும்ல மிஸ்?" அவள் தமிழ்க் கணக்குச் சரியானது. தமிழின் 'ஆக' இரண்டு வேலை பார்க்கிறது. 'அழகாகப் பாடினாள்' என்றால் பாடிய விதம். 'அழகாக இருக்கிறாள்' என்றால் அவளுடைய தன்மை. ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்துவைத்திருக்கிறது. மணம், சுவை, தோற்றம், உணர்வு ஆகியவற்றைச் சொல்லும் வினைகளுக்குப் பின்னால் பொருளின் தன்மையே வருகிறது, ஆகவே பெயரடை. பிரெஞ்சிலும் அப்படித்தான், மணக்கிறது என்பதற்கு 'சா சான் போன்' என்பார்கள், 'போன்' பெயரடையே.

சோதிக்க எளிய வழி உண்டு. வினையை எடுத்துவிட்டு 'இஸ்' வைத்துப் பாருங்கள். 'தி பிரியாணி இஸ் நைஸ்' ஒட்டுகிறது. எனவே 'ஸ்மெல்ஸ் நைஸ்'. ஆனால் 'லுக்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம். 'ஷி லுக்ட் ஆங்க்ரி' என்றால் அவள் கோபமாகத் தெரிந்தாள். 'ஷி லுக்ட் ஆங்க்ரிலி அட் ஹிம்' என்றால் அவனைக் கோபமாகப் பார்த்தாள். தமிழ் 'தெரி', 'பார்' என்று இரண்டு வினைகளை வைத்துக்கொண்டு தீர்க்கும் காரியத்தை ஆங்கிலம் ஒரே வினையை வைத்துக்கொண்டு, அதற்குப் பின் வரும் சொல்லின் வாலைக் கொண்டு தீர்க்கிறது.

இன்னொன்று என்னை எப்போதும் வியக்கவைப்பது. கெடுவதைச் சொல்ல ஆங்கிலம் 'கோ' என்ற வினையோடு பெயரடையைச் சேர்க்கிறது: பால் 'கோஸ் பேட்', மனிதர் 'கோஸ் மேட்'. நல்லது நடந்தால் கனவு 'கம்ஸ் ட்ரூ'. நாமும் கெட்டுப்போச்சு, வீணாப்போச்சு, அழுகிப்போச்சு என்கிறோம். நல்லதற்கோ தேறிவருகிறான், கைகூடி வருகிறது என்கிறோம். நம்மை விட்டு விலகுவது கெடுதல், நம்மை நோக்கி வருவது நன்மை. எங்கோ பிறந்த இரண்டு மொழிகள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து யோசித்தாற்போல இருக்கிறது.

பெயர்ச்சொல்லோடு சேரும்போது கதை வேறு. இங்கே விதி குறைவு, வழக்கம் அதிகம். தமிழில் கவனம் செலுத்துகிறோம், வரியும் செலுத்துகிறோம். ஆங்கிலேயரும் 'பே' என்ற ஒரே வினையால் இரண்டையும் செய்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் கவனத்தைச் 'செய்கிறார்'. பிரெஞ்சில் முடிவை எடுக்கிறார்கள், நாமும் எடுக்கிறோம். ஆங்கிலேயர் பெரும்பாலும் முடிவை 'மேக்' செய்கிறார். ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஆகாது. கவனம் என்ற சொல்லைக் கற்கும்போதே 'பே'யையும் சேர்த்துக் கற்றுவிட வேண்டும்.

அதிகக் குழப்பம் வினையோடு வினை சேரும் இடத்தில். தமிழுக்கு இதற்கென்றே ஒரு வடிவம் உண்டு. போக, வர, சிரிக்க. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லும்போது 'செய' என்று இதைக் குறித்திருக்கிறது. போகச் சொன்னார், போக விட்டார், போகப் பார்த்தான், போக முடியும் என்று எந்த வினை பின்னால் வந்தாலும் 'போக' மாறாது. பிரெஞ்சில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு கொக்கி. விரும்பு என்றால் நேராக ஒட்டும், முயல் என்றால் நடுவில் 'தெ' வேண்டும், கற்றுக்கொள் என்றால் 'ஆ' வேண்டும். ஆங்கிலத்தில் 'வாண்ட் டு கோ', ஆனால் 'லெட் ஹிம் கோ'. 'ஆஸ்க்ட் மி டு லாஃப்', ஆனால் 'மேட் மி லாஃப்'.

'ஹி மேட் மி டு லாஃப்' என்று எழுதாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. தமிழின் பாதிப்பு என்று இதைச் சிலர் சொல்வதுண்டு. முழுப் பழியையும் தமிழ்மேல் போட நான் சம்மதிக்க மாட்டேன். 'சிரிக்க வைத்தான்' என்பதில் இடையே எதுவும் இல்லையே! போக என்றால் 'டு கோ' என்று முதல் வகுப்பிலேயே மனப்பாடம் செய்யவைக்கிறோம், அதனால் 'டு' போட்டுப் பழகிவிடுகிறது.

பழைய ஆங்கிலத்தில் 'செய' வடிவத்துக்கு 'அன்' என்ற சொந்த விகுதி இருந்தது; பாட என்பது 'சிங்கன்'. பெரும்பாலும் நோக்கத்தைக் காட்டவேண்டிய இடத்தில்தான் 'டோ' என்ற சொல் முன்னால் நின்றது. விகுதி தேய்ந்து உதிர்ந்ததும், முன்னால் நின்ற சொல் அதன் வேலையையும் எடுத்துக்கொண்டது. 'கேன்', 'மஸ்ட்', 'லெட்' போன்ற சில வினைகளுக்குப் பின்னால் மட்டும் 'டு' நுழையவில்லை. 'மேக்' நெடுநாள் இரண்டு பக்கமும் சாய்ந்தது. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் 'மேக்'குக்குப் பின் 'டு' வரும் இடங்கள் உண்டு. இன்றும் செயப்பாட்டு வினையில் 'ஐ வாஸ் மேட் டு லாஃப்' என்று அந்த 'டு' திரும்பிவிடுகிறது. ஆக, பிள்ளைகள் எழுதுவது நானூறு ஆண்டுக்கு முன் சரியாக இருந்த ஆங்கிலம். இதைச் சொன்ன நாளிலிருந்து அவர்கள் அந்தத் தவறைத் திருத்தும்போது வெட்கப்படுவதில்லை.

எந்த வினைக்கு எந்தக் கொக்கி என்று முறையாகப் பட்டியலிட்டவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். வெளிநாட்டு மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை வகுப்பறையிலேயே கண்டு, 25 வினை அமைப்புகளாக வகுத்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அவரது அகராதியை 1948-இல் ஆக்ஸ்போர்டு மறுபடி வெளியிட்டது. இன்று நம் வீடுகளில் இருக்கும் தடித்த ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதியின் மூலம் அதுதான். பொருளைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், வினைக்குக் கீழே வரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிக்கச் சொல்லுங்கள். கொக்கிகள் அங்கேதான் இருக்கின்றன.

ஆங்கில வினையே தமிழுக்குள் வந்தால் என்ன ஆகும்? மெக்கானிக் கடையில் கேட்கலாம். "வண்டி ஸ்டார்ட் ஆகலண்ணே." "தள்ளு, நான் ஸ்டார்ட் பண்றேன்." ஆங்கிலத்தில் வண்டியும் 'ஸ்டார்ட்ஸ்', அண்ணனும் 'ஸ்டார்ட்ஸ்'. தமிழ் அதை ஒப்புக்கொள்வதில்லை. தானாக நடப்பதற்கு 'ஆகு', ஒருவர் செய்வதற்குப் 'பண்ணு' என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறது. ஓடு–ஓட்டு, உருள்–உருட்டு என்ற நம் பழைய பழக்கம் அது. தாமஸ் லேமன் எழுதி, 1989-இல் நம் ஊரின் மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணம், வினையோடு வினை சேரும் வழிகளை விரிவாக விளக்குகிறது. இன்றைய தமிழில் இவ்வளவு ஒழுங்கா என்று மலைக்கவைக்கும் புத்தகம்.

போன வாரம் கடற்கரைச் சாலையில் மேகம் கறுத்தது. 'மழை வரப் போகுது' என்று ஒருத்தி நோட்டை மூடினாள். 'இட்ஸ் கோயிங் டு ரெய்ன்' என்றான் இன்னொருவன். பிரெஞ்சு படிப்பவள் 'இல் வா ப்லவுவார்' என்றாள். மூன்றிலும் 'போ' என்ற வினை இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். ஒரு செயலை நோக்கி நடந்து போவது, நடக்கவிருப்பதைச் சொல்லும் கருவியாக மூன்று மொழியிலும் தனித்தனியே மாறியிருக்கிறது. முதலில் சொன்னவள் கொஞ்சம் யோசித்தாள். "நம்மதுல மட்டும் வர்றதும் இருக்கு, போறதும் இருக்கே மிஸ்!" அதற்குள் முதல் துளி விழுந்துவிட்டது.