முத்துச்சிப்பியின் நேரும் மறையும்

மன்னார்த் தீவின் தென்கரையில், வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் மீனவ ஊர் தாழ்வுபாடு. அங்கிருந்து தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்கு எதிரே கடலடியில் பரந்து கிடக்கின்றன ‘பார்’ எனப்படும் பாறைத் திட்டுகள். உலகம் தேடி வந்த முத்து விளைந்த இடம் அதுதான். முத்துக்குளிப்பைக் கண்காணிக்கப் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை, அரிப்புக் கரையில் இன்று இடிபாடாக நிற்கிறது.

பாரில் வாழும் சிப்பிக்கு இரண்டு வேலைகள் உண்டு. நீரோட்டம் அள்ளிப்போகாமல் கல்லைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டைக் கட்டி வளர்க்க வேண்டும். இரண்டுக்கும் அது நம்பியிருப்பது புரதங்களை. அந்தப் புரதங்கள் எதில் ஒட்டும், எப்படி ஒட்டும் என்பதில் அவற்றின் மின்னேற்றத்துக்குப் பெரும் பங்குண்டு.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. கடல்நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 8. அந்த நீரில் லைசின் என்ற அமினோ அமிலம் நேர் ஏற்றம் பெறுகிறது. அஸ்பார்ட்டிக் அமிலம் மறை ஏற்றம் பெறுகிறது.

முதலில் பற்றும் வேலை. சிப்பி தன் காலில் சுரக்கும் நூல்களால் கல்லைப் பிடிக்கிறது. இத்தகைய நூலின் பசை, மஸல் எனும் உறவுச் சிப்பியில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. நீருக்குள் கல்லின் மேற்பரப்பு பெரும்பாலும் மறை ஏற்றம் கொண்டது. ஆனால் கடலின் உப்பு அயன்கள் முந்திக்கொண்டு அதை மூடிவிடுகின்றன. உப்பு மிகுந்த நீரில் மின்விசையும் தூரம் எட்டாது; ஒரு நனோமீற்றருக்குள்ளேயே தேய்ந்துவிடும். மடுத் திருவிழாக் கூட்டத்தில் காதருகே வந்து சொன்னால்தான் பேச்சுக் கேட்பதுபோல, புரதம் கல்லை நெருங்கியே ஆக வேண்டும்.

எப்படி நெருங்குகிறது? கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விடை தந்தார்கள். மஸல் பசையில் லைசினும் டோப்பா என்ற அமினோ அமிலமும் நிறைய உண்டு. இந்த இரண்டின் வேதித்தன்மையையும் அருகருகே கொண்ட சிறு மூலக்கூறுகளை அவர்கள் மைக்காத் தகடுகளில் சோதித்தார்கள். லைசினின் நேர் ஏற்றம், மேற்பரப்பில் குந்தியிருக்கும் உப்பு அயன்களை விலக்குகிறது. வெறுமையான அந்த இடத்தில் டோப்பாவின் பகுதி இறுகப் பற்றுகிறது. லைசினின் உதவி இல்லாதபோது பிடி தளர்ந்தது.

ஓடு கட்டும்போது மறை ஏற்றம் முன்னுக்கு வருகிறது. மன்னார்ச் சிப்பியின் இனமான பிங்க்டாடா ஃபுக்காட்டாவில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் ஆஸ்பீன் என்ற புரதத்தை விவரித்தார்கள். அதன் அமினோ அமிலங்களில் 60 சதவீதம் அஸ்பார்ட்டிக் அமிலமே. இவ்வளவு மறை ஏற்றம் குவிந்தால், நேர் ஏற்றமுள்ள கல்சியம் அயன்கள் அதைத் தேடி வரும். மக்னீசியம் மிகுந்த கடல்நீரில், ஓட்டின் பொருளான கல்சியம் காபனேற்று இயல்பாக அரகோனைற்று என்ற படிக வடிவிலேயே படியும். ஆஸ்பீன் இருந்தாலோ கல்சைற்று என்ற மற்றொரு படிக வடிவம் உருவாகிறது. சிப்பியோட்டின் வெளிப்படை கல்சைற்றால் ஆனது.

உள்ளே பளபளக்கும் முத்துப்படை அரகோனைற்று. அதற்கு வேறு புரதம் வேண்டும். அரகோனைற்றில் ஒட்டும் புரதங்களைத் தேடியபோதுதான் 2009இல் பிஃப் என்ற புரதம் கிடைத்தது. அதன் உற்பத்தியைத் தடுத்த சிப்பிகளில் முத்துப்படையின் ஒழுங்கு குலைந்தது. அரை மைக்ரோமீற்றர் அளவுத் தடிப்புள்ள தகடுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டால்தான் ஒளி அங்கே மோதி வண்ணம் காட்டும்.

1973இல் தூத்துக்குடியில் கே. அழகர்சாமி தலைமையில் இந்திய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்து எடுத்ததும் இத்தகைய புரதங்களின் சுரப்பை நம்பித்தான். சிப்பிக்குள் வைக்கும் மணியோடு இன்னொரு சிப்பியின் மென்மடல் துண்டையும் சேர்த்து வைக்கிறார்கள். முத்துப்படைப் புரதங்களைச் சுரப்பது அந்தத் திசுவே.

ஆனால் எந்தப் பசைக்கும் பற்றிக்கொள்ள உறுதியான மேற்பரப்பு தேவை. மணல் மூடிய பாரில் குஞ்சுச் சிப்பிகள் நிலைக்காது. 1902இல் மன்னார்க் கடலை ஆராய வந்த டபிள்யூ. ஏ. ஹேர்ட்மன், சிப்பிக் குஞ்சுகள் ஒட்டுவதற்குக் கடினமான பொருள்களைக் கடலடியில் இட வேண்டும் என்று பரிந்துரைத்தார். கடலடியைக் கிளறிச் சேற்றை எழுப்பும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. மன்னார்க் கடற்றொழிலாளர் அந்தத் தடையை முழுமையாக நடைமுறைப்படுத்தக் கேட்பது மீனுக்காக. சிப்பிக் குஞ்சு ஒட்டுவதற்குப் பாரின் கல் வெளித்தெரிய வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைக்கு வலுச்சேர்க்கும் காரணம்.